ஒழுகிப் போன சத்தி

சென்ற கிழமை நமது கல்லூரி ஆய்வுகூடத்தில் உயர்தர வகுப்பு மாணவர் நுண்மானித் திருகுக் கணிச்சியைக் கொண்டு செப்புக் கம்பியொன்றின் விட்டத்தை அளந்துகொண்டிருந்தனர். ஒரே கம்பி, ஆயினும் மேசைக்கு மேசை விடை வேறுபட்டது. காரணம் யாவருக்கும் தெரிந்ததே. சிலர் பூச்சிய வழுவைப் பார்த்துக் கழித்திருந்தனர். சிலர் அதனைப் பாராமலே எழுதிவிட்டனர். அவ்வேளை பின்வரிசையில் நின்ற மாணவன் ஒருவன், "சேர், கம்பியையாவது கையில பிடிக்கலாம். கண்ணால காண ஏலாத துணிக்கையை அளக்கிறவங்களுக்கும் பூச்சிய வழு இருக்கா?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. உண்டு என்பதே விடை. அன்றியும் அந்த வழுவைச் சரியாகக் கணியாமையால் உலகத்துப் பேரறிஞர் சிலர் ஓராண்டுக்கு மேலாக வீண் நம்பிக்கை கொண்டிருந்த வரலாறும் உண்டு. மணி அடித்துவிட்டமையால் அன்று முழுவதையும் கூற இயலவில்லை. அவனுக்குச் சொல்ல நினைத்ததை இவ்வாரம் நேயர் யாவருக்குமாக இங்கே எழுதுகின்றோம்.

சுவிற்சலாந்து, பிரான்சு ஆகிய இரு நாடுகளின் எல்லையில், நிலத்தின் கீழே 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள வளையக் குகை ஒன்று இருக்கின்றது. சேர்ன் ஆய்வுநிலையத்தார் அமைத்த பெரும் மோதுகைப் பொறி அதனுள்ளே உள்ளது. புரோத்தன்களை ஒளியின் வேகத்துக்கு மிகக் கிட்டிய வேகத்தில் எதிரெதிராக ஓட்டி மோதவிடுவதே அதன் தொழில். ஒரு புரோத்தனின் திணிவுக்கு ஈடான சத்தி ஏறத்தாழ ஒரு கிகா இலத்திரன்வோற்று ஆகும். அப்பொறியில் மோதும் இரு புரோத்தன்களின் மொத்தச் சத்தியோ 2022ஆம் ஆண்டில் 13,600 கிகா இலத்திரன்வோற்றாக உயர்த்தப்பட்டது.

புரோத்தன் என்பது திண்ணிய உருண்டையன்று. குவாக்கு, குளுவோன் எனப்படும் நுண்பொருள்கள் அடங்கிய பொதி அது. இரு பொதிகள் மோதும்போது ஒன்றிலுள்ள குவாக்கு மற்றதிலுள்ள குவாக்கை நேரே தாக்கி, இரண்டும் பக்கவாட்டில் எதிரெதிராகத் தெறித்தோடுதல் உண்டு. அங்ஙனம் ஓடும் குவாக்கைப் பிடித்து அளந்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் இயற்கை அதற்கு இடங்கொடுப்பதில்லை. குவாக்கு தனித்து வெளியே நில்லாது. அதனை மற்றவற்றோடு பிணைக்கும் விசை இறப்பர் நாடாவைப் போன்றது. தூரம் கூடக் கூட நாடா இழுபட்டுச் சத்தி ஏறும். ஓர் எல்லையில் நாடா அறும். அறுந்த முனைகளில் புதிய குவாக்கும் எதிர்க்குவாக்கும் தோன்றும். அவையும் ஓட, நாடா மீண்டும் இழுபட்டு மீண்டும் அறும். முடிவில் நமது கருவிக்கு வந்து சேர்வது குவாக்கு அன்று. அது ஓடிய திசையிலேயே நெருக்கமாகப் பாயும் பல பத்துத் துணிக்கைகளின் கூட்டம். இக்கூட்டத்துக்கே தாரை என்று பெயர்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்துத் தீப்பள்ளயத்தைக் கண்டவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. எரிந்து தணலான கட்டையை ஒருவர் ஓங்கித் தட்டினால் ஒரு பக்கமாகப் பொறிகள் சீறிப் பறக்கும். தூரத்தில் நிற்பவனுக்கு அடி தெரியாது, கட்டையும் தெரியாது. பொறிகள் மாத்திரமே தெரியும். அப்பொறிகள் சென்ற திசையையும் அவற்றின் வலிமையையும் கொண்டே விழுந்த அடி எத்தகையது என்று அவன் ஊகிக்கவேண்டும்.

இத்தாரைகள் முதன்முதலில் தெளிவாகக் காணப்பட்டது 1975ஆம் ஆண்டில். அமெரிக்காவின் சிலாக்கு ஆய்வுநிலையத்தில் இலத்திரனையும் பொசித்திரனையும் மோதவிட்டு, கெயில் ஹான்சன் என்னும் பெண்மணியும் அவருடைய குழுவினரும் அதனைக் கண்டறிந்தனர். சத்தி குறைவாயிருந்தபோது துணிக்கைகள் எப்புறமும் சிதறின. 7 கிகா இலத்திரன்வோற்றை அண்மித்தபோது அவை ஓர் அச்சின் இருபுறமும் ஒதுங்கத் தொடங்கின. நான்கு ஆண்டுகளின் பின், 1979இல், செருமனியின் ஹம்பேக்கு நகரில் மூன்று தாரைகள் ஒருங்கே தோன்றின. மூன்றாவது தாரை குளுவோனின் சுவடு. ஒருவரும் நேரிற் காணாத குளுவோன் உண்மையில் உண்டு என்பதற்கு அதுவே சான்றாயிற்று.

இனி அளக்கும் முறைக்கு வருவோம். தாரையில் வரும் துணிக்கைகள் மூன்று சாதியன. சராசரியாகப் பார்த்தால் தாரையின் சத்தியில் 65 விழுக்காடு மின்னேற்றம் உடைய துணிக்கைகளிடத்தும், 25 விழுக்காடு போட்டன்களிடத்தும், எஞ்சிய 10 விழுக்காடு மின்னேற்றமற்ற கனத்த துணிக்கைகளிடத்தும் இருக்கும் என்று கொள்ளலாம். மின்னேற்றம் உடையவை காந்தப் புலத்தில் வளையும். சேர்னில் உள்ள சி.எம்.எஸ். என்னும் கருவியில் அப்புலம் 3.8 தெசுலா. வளைவை அளந்தால் உந்தம் கிடைக்கும். போட்டன்களைப் பிடிப்பதற்கு 75,000க்கு மேற்பட்ட ஈயத் தங்குதன் பளிங்குகள் உண்டு. இவ்விரண்டும் நுட்பமான அளவுகள். தொல்லை தருவது அந்தப் பத்து விழுக்காடே. மின்னேற்றமற்றவை வளைவதுமில்லை, பளிங்கில் முழுமையாக நிற்பதுமில்லை. கனத்த உலோகத்தில் மோதவிட்டு, அங்கே எழும் சிதறலின் ஒளியைக் கொண்டே அவற்றை மட்டிடவேண்டும். அதற்கான கலோரிமானி பித்தளைத் தகடுகளும் பிளாத்திக்குத் தகடுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டது. அப்பித்தளையில் ஒரு பகுதி இரசியக் கடற்படையின் பழைய எறிகணை உறைகளை உருக்கி எடுக்கப்பட்டதாகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட உறைகள்! எறிகணை என்றால் என்னவென்று நமது கரையோரத்தவர்க்கு விளக்கவேண்டியதில்லை. அதன் உலோகம் இப்படியும் பயன்படக்கூடும் என்று வாசித்தபோது நாம் சற்று நேரம் அப்பக்கத்தைத் திருப்பாமல் இருந்தோம்.

அடுத்த சிக்கல் எல்லை. வந்த துணிக்கைகளுள் எவை இந்தத் தாரையைச் சேர்ந்தவை, எவை அடுத்த தாரையைச் சேர்ந்தவை? கல்முனையிலிருந்து பாண்டிருப்பு வழியாக மருதமுனை வரை வீதியிற் செல்பவனுக்கு வீடுகளுக்கிடையே இடைவெளி தெரியாது. ஊர் எங்கே முடிகின்றது, எங்கே தொடங்குகின்றது என்று எவ்விதம் சொல்வான்? எல்லை வகுத்தல் எத்துணை வில்லங்கமான காரியம் என்பதை இவ்வட்டார நேயர்கள் நம்மிலும் நன்கு அறிவர். பௌதிக அறிஞரும் முப்பது ஆண்டுகள் இதில் இடர்ப்பட்டனர். முன்னைய விதிகள் சிலவற்றில் ஒரு பெருங்குறை இருந்தது. இரு தாரைகளுக்கு நடுவே வலுவற்ற சிறு துணிக்கை ஒன்று புதிதாகத் தோன்றினால், அவை இரண்டும் ஒன்றாகிவிடும். சத்தியில் அற்பமான ஒன்று தாரைகளின் எண்ணிக்கையையே மாற்றுமானால் அவ்விதியை நம்பிக் கணக்குப் போடுவது எங்ஙனம்?

2008ஆம் ஆண்டில் கச்சியாரி, சலாம், சோயே என்னும் மூவர் வெளியிட்ட விதி இக்குறையை நீக்கிற்று. அதன் சாரம் இதுதான். மிக வலிய துணிக்கை முதலில் தன்னைச் சூழ்ந்த மெலியவற்றைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். ஒரு குறித்த ஆரத்துக்கு அப்பால் இருப்பதை அது தொடாது. மெலியவை தமக்குள் கூடித் தனிக் கூட்டம் அமைப்பதற்கு முன்னரே வலியது அவற்றை இழுத்துக்கொள்ளும். ஆதலால் நடுவே தோன்றும் அற்பத் துணிக்கையால் எல்லை அசையாது. கருவியின் நடுப்பகுதியில் 0.4 ஆரையன், அதாவது ஏறத்தாழ 23 பாகை, வழக்கமான ஆரமாகும். (வலியவன் மெலியவனைச் சேர்த்துக்கொள்ளும் விதி சமூகத்துக்கு ஏற்றதன்று, துணிக்கைகளுக்கு மாத்திரம் ஏற்றது என்க.)

எல்லை வகுத்தாலும் அளவு முடிந்தபாடில்லை. புரோத்தன் கற்றைகள் 25 நனோசெக்கனுக்கு ஒருமுறை சந்திக்கின்றன. ஒவ்வொரு சந்திப்பிலும் நாம் நாடும் மோதுகை ஒன்று நிகழ, வேண்டாத மோதுகைகள் பல பத்து உடன் நிகழ்கின்றன. அவற்றின் சிதறலும் நமது தாரைக்குள் விழும். மழை நாளில் முற்றத்தில் பால் கறக்கும் செம்பில் மழைநீரும் சேர்வது போன்றது இது. செம்பின் வாய் எவ்வளவு அகலம், மழை எவ்வளவு கடுமை என்று தெரிந்தால் கலந்த நீரை மட்டிட்டுக் கழிக்கலாம் அன்றோ? அவ்வாறே ஒவ்வொரு தாரைக்கும் ஒரு பரப்பளவு கணித்து, அந்தச் சந்திப்பில் பெய்த "மழை"யின் அடர்த்தியால் அதனைப் பெருக்கி, வரும் தொகையைக் கழிக்கின்றனர்.

இவ்வளவும் செய்த பின்னர்தான் நமது மாணவன் கேட்ட பூச்சிய வழு. தாரையின் சத்தி இவ்வளவு என்று கருவி காட்டுவது மெய்தானா? இதனை அறியத் தராசு ஒன்று வேண்டும். மோதுகைக்கு முன் பக்கவாட்டில் உந்தம் இல்லை. ஆகவே மோதுகைக்குப் பின்னும் பக்கவாட்டு உந்தங்களின் கூட்டுத்தொகை பூச்சியமாதல் வேண்டும். ஒரு புறம் ஒரு தாரையும் மறுபுறம் ஒரு போட்டனும் தெறிக்கும் நிகழ்ச்சிகளை ஆயிரக்கணக்கில் தெரிந்தெடுக்கின்றனர். போட்டன் பளிங்கினால் நுட்பமாக அளக்கப்படுவது, அதுவே படிக்கல். போட்டன் 100 என்று காட்ட, எதிரே உள்ள தாரைகள் சராசரியாக 92 என்று காட்டினால், கருவி தாரையைக் குறைத்து மதிக்கின்றது என்பது தெளிவு. இத்தகைய ஒப்பீடுகளால் தாரை அளவுகோலின் வழுவைக் கருவியின் நடுப்பகுதியில் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டுக்குக் கொண்டுவந்துள்ளனர். தனித்த ஒரு தாரையை எடுத்தால் 100 கிகா இலத்திரன்வோற்று அளவில் பத்து விழுக்காடு வரை முன்பின்னாகும். பல்லாயிரத்தின் சராசரியே இத்துணைத் திருத்தமானது. இவ்வேறுபாட்டை மாணவர் மறத்தலாகாது.

ஒரு விழுக்காட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பின், சத்தி ஏற ஏறத் தாரைகளின் தொகை மிக வேகமாக அருகிச் செல்கின்றது. அளவுகோலில் நேரும் ஒரு விழுக்காட்டு வழு எண்ணிக்கையில் ஐந்தாறு மடங்காகப் பெருத்துவிடும். அதனிலும் ஆபத்தானது வேறொன்று. ஒரு புறத் தாரை தன் சத்தியில் ஒரு பகுதியை எங்கேனும் ஒழுகவிட்டால் தராசு சாயும். சாய்ந்த தராசைக் காண்பவன், "கண்ணுக்குத் தெரியாத ஒரு துணிக்கை சத்தியைக் கொண்டு ஓடிவிட்டது, இதோ புதிய கண்டுபிடிப்பு!" என்று எண்ணக்கூடும்.

அப்படி எண்ணிய வரலாறே நாம் முன்னர் குறித்தது. 1983இல் சேர்ன் நிலையத்தின் யூ.ஏ.1 குழுவினர், கார்லோ ரூபியாவின் தலைமையில், டபிள்யூ, இசெட் என்னும் துணிக்கைகளைக் கண்டறிந்தனர். அடுத்த ஆண்டே ரூபியாவும் சைமன் வான்டர் மியரும் நொபெல் பரிசு பெற்றனர். அதே 1984இல் அக்குழுவினர் விந்தையான சில நிகழ்ச்சிகளை வெளியிட்டனர். ஒரு புறம் ஒரு தாரை, எதிர்ப்புறம் வெறுமை. எதிர்பார்க்கப்பட்ட புதிய துணிக்கைக் குலம் ஒன்றின் அறிகுறி இதுவென்று கோட்பாட்டறிஞர் பலர் ஆரவாரித்தனர், கட்டுரைகள் குவிந்தன. பின்னர் கைடோ அல்தரெல்லி முதலியோர் பொறுமையாகக் கணக்குப் பார்த்தனர். டபிள்யூ சிதையும் வகைகளில் சில, இசெட் நியூத்திரினோக்களாகச் சிதைதல், தாரைகளின் அளவுப் பிழை என்று தெரிந்த காரணங்களைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கூட்டியபோது, விந்தை முழுவதும் அக்கூட்டுத்தொகைக்குள் அடங்கிவிட்டது. தனித்தனியே எந்தக் காரணமும் போதாமையால் ஒவ்வொன்றையும் ஒதுக்கிவிட்டதே பிழை. கடையில் சில்லறைக் கடன்களை எழுதி வைக்காதவன் மாத முடிவில் பணம் களவு போனது என்று கூச்சலிடுவது போலாயிற்று.

சி.எம்.எஸ். கருவியை அமைத்தோர்க்கு இப்படிப்பினை இருந்தது. அங்கேயும் ஓர் ஒழுக்கு நேரக்கூடிய இடம் உண்டு. அதன் பெருங்காந்தச் சுருளின் உள்விட்டம் ஏறத்தாழ 6 மீற்றர். கலோரிமானி முழுவதும் அதற்குள் அடங்கவேண்டும். ஆகவே நடுப்பகுதியில் பித்தளை அடுக்கின் கனம் போதவில்லை. துணிக்கை ஒன்று உலோகத்தினுள் ஒரு கருவோடு மோதுவதற்குச் சராசரியாகச் செல்லும் தூரத்தை ஓர் அலகாகக் கொண்டால், அவ்வடுக்கின் ஆழம் ஏறத்தாழ ஆறு அலகே. வலிய தாரையின் வால் அதனைத் துளைத்து வெளியேறிவிடும். கரைவலையின் மடியில் கிழிசல் இருந்தால் கரைக்கு வந்த மீனைக் கொண்டு கடலில் இருந்த மீனைக் கணக்கிட முடியாது. ஆகவே காந்தச் சுருளுக்கு வெளியே இன்னுமொரு கலோரிமானி அமைத்து, வெளியே வருவதை அங்கே பிடிப்பதென்று முடிவாயிற்று. சுருளும் இரும்பும் தாமே தடுப்பாக நிற்க, மொத்த ஆழம் ஏறத்தாழப் பன்னிரண்டு அலகாயிற்று.

இந்த வெளிக் கலோரிமானி இந்தியரின் கைவேலை. ஹோமி பாபா 1945இல் நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் மும்பாயிலும், பஞ்சாப் பல்கலைக்கழகத்தார் சண்டிகாரிலும் இதற்கான தட்டுக்களை ஆக்கினர். பத்து மில்லிமீற்றர் தடிப்புள்ள, துணிக்கை பட்டால் ஒளிரும் பிளாத்திக்கு ஓடுகள். அவற்றில் வெட்டிய தவாளிப்பில் ஒரு மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைந்த விட்டமுள்ள ஒளிநார். ஓட்டில் எழும் நீல ஒளியை நார் உறிஞ்சிப் பச்சை ஒளியாக மாற்றித் தன் வழியே கொண்டுசெல்லும். மருதமுனைத் தறியில் நூலை ஒன்றுடனொன்று சிக்காமல் ஒழுங்குபடுத்தும் நெசவாளர்க்கு இவ்வேலையின் அருமை புரியும். ஒரு நார் முறிந்தால் அந்த ஓடு குருடு. முதலில் பொருத்திய ஒளியுணரிகள் காந்தப் புலத்தின் விளிம்பில் சரிவர இயங்காமையால், 2013, 2014ஆம் ஆண்டுகளின் நீண்ட ஓய்வில் அவற்றை அகற்றிச் சிலிக்கன் உணரிகளைப் பொருத்தினர்.

சேர்ன் முற்றத்தில் 2004ஆம் ஆண்டில் இந்திய அரசு அளித்த நடராசர் திருவுருவம் நிற்கின்றது. அதன் படத்தைக் கண்டு நம்மவர் மகிழ்வது இயல்பு, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அங்கிருந்து சில கிலோமீற்றர் அப்பால், பிரான்சு நாட்டு எல்லைக்குள், ஏறத்தாழ 100 மீற்றர் ஆழத்தில், ஒழுகும் சத்தியைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தத் தட்டுக்களைப் பற்றிப் பேசுவாரைக் காண்பது அரிது. இதே டாட்டா நிலையத்தார் 1965இல், தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாக உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், சப்பானிய, ஆங்கில அறிஞரோடு கூடி, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூத்திரினோவின் சுவட்டைக் கண்டனர். உண்மையாகவே சத்தியைக் கொண்டு ஒளிந்தோடும் துணிக்கை அது. ஓடியது நியூத்திரினோவா, ஒழுகியது தாரையா என்று பிரித்தறிவதே இன்றைய வேலை.

நமது நாடும் முற்றாக வெளியே நிற்கவில்லை. 2017இல் இலங்கை சேர்ன் நிலையத்தோடு ஒத்துழைப்பு உடன்படிக்கை செய்தது. சி.எம்.எஸ். குழுவின் கட்டுரைகளில் மாத்தறை உருகுணைப் பல்கலைக்கழகத்தின் பெயரைக் காணலாம். அக்கட்டுரைகளில் ஆயிரக்கணக்கானோர் பெயர்கள் இருப்பதால், தேடிப் பார்க்கப் பொறுமை வேண்டும். கிழக்கிலிருந்து ஒரு பெயர் அங்கே ஏறுவதைக் காணும் ஆசை நமக்கு உண்டு.

மறுநாள் வகுப்பில் இக்கதையைச் சுருக்கிக் கூறி, ஒரு கணக்கும் கொடுத்தோம். ஒரு புறம் 120 கிகா இலத்திரன்வோற்றுடைய போட்டன். எதிர்ப்புறம் 111 என்று அளக்கப்பட்ட தாரை. எஞ்சிய 9 எங்கே? வகுப்பில் பாதிப்பேர் "நியூத்திரினோ" என்றனர். பின்வரிசை மாணவன் "புதுத் துணிக்கை" என்றான். முன்வரிசை மாணவி ஒருத்தி, "சேர், ஒரு தாரையை அளக்கிறதில எவ்வளவு பிழை வரும்?" என்று கேட்டாள். பத்து விழுக்காடு என்றோம். அவள் 111இன் பக்கத்தில் 11 என்று எழுதி, ஒன்பதைப் பார்த்து, பதினொன்றைப் பார்த்து, "அப்ப ஒண்டும் சொல்ல ஏலாது" என்று பேனையை மூடிவிட்டாள். பின்வரிசையில் இருந்தவனுக்கு இவ்விடை சற்றும் பிடிக்கவில்லை. இதுபோல ஆயிரம் நிகழ்ச்சிகள் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டு அவன் நம்மோடு வாயில் வரை வந்தான்.